தொலைவிலிருந்து திறக்கும் கதவு

அதிகாலையில் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மலையேறும் பெண்கள், மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயங்களுக்குத் திரும்புகின்றனர். அன்று பறித்த கொழுந்து அன்றே ஸ்டோரை அடைந்து வாடப் போடப்படுகிறது. உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரித்தால் தேயிலை ஆயிற்று. ஆனால் அந்தத் தேயிலை பணமாவது மலையிலன்று; ஹட்டனிலிருந்து புகையிரதத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் செய்து அடைய வேண்டிய கொழும்பிலேயாகும்.

தோட்டத்திலே பிறந்து வளர்ந்த எந்தக் குடும்பத்துக்கும் பத்தாந் திகதியின் மகிமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அது சம்பள நாள். கடைக் கணக்கு, பிள்ளைகளின் கொப்பி, கோயிற் சந்தா, சீட்டுப் பணம் யாவும் அந்நாளையே எதிர்நோக்கி நிற்கும். கொழும்பில் ஏலம் நடந்தால்தான் கம்பனிக்குப் பணம்; கம்பனிக்குப் பணம் வந்தால்தான் மலையிலே சம்பளம். அந்த ஏலம் ஒரு நாள் நின்றுபோனால் என்னவாகும்? இக்கேள்வி வெறுங் கற்பனையன்று. 2020ஆம் ஆண்டில் அது மெய்யாகவே நம் முன் வந்து நின்றது. அப்போது கைகொடுத்த ஒரு வித்தையைப் பற்றியும், அதை ஒரு ஸ்தாபனம் எவ்வாறு அச்சமின்றிக் கையாள வேண்டும் என்பது பற்றியும் இங்கே கூறுவோம்.

மண்டபம் மூடிய மாதம்

கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நடைபெற்றது. அதற்கு அடுத்த ஆண்டுதான் புகையிரதம் ஹட்டனை எட்டியது. 1885இல் நானுஓயாவை அடைந்தது. அன்று தொடங்கிய வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதிகம் மாறவில்லை. தரகர் மேடையில் நிற்பார். வாங்குவோர் எதிரே வரிசையாக அமர்ந்திருப்பர். விலை வாயால் கேட்கப்படும். சுத்தியல் ஓங்கி விழும். இத்தனையும் நடைபெற மனிதர் பலர் ஒரே மண்டபத்தில் கூடியாக வேண்டும்.

2020 மார்ச் மாதம் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. மனிதர் கூடுவதே ஆபத்து என்றாகிவிட்ட காலம் அது. ஆயினும் தேயிலைச் செடி ஊரடங்கை அறியுமோ? மழையும் வெயிலும் மாறி மாறி வரக் கொழுந்து துளிர்த்துக்கொண்டே இருந்தது. உரிய நாளில் பறிக்காவிட்டால் அது முற்றிவிடும். ஆகவே தோட்ட வேலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது, தொழிலாளர் மலையேறினர், ஸ்டோர்கள் ஓடின. மலையிலே தேயிலை குவிய, கொழும்பிலே மண்டபம் பூட்டிக் கிடந்தது.

இந்நிலையில் தேயிலை வர்த்தகர்களும் தரகர்களும் பல ஆண்டுகளாகப் பேசிப் பேசித் தள்ளிவைத்திருந்த காரியத்தைச் சில நாட்களிற் செய்து முடித்தனர். ஏப்ரல் 4ஆம் திகதி ஏலம் கணினி வழியே நடைபெற்றது. ஏலமிடுவோர் ஓரிடத்தில், வாங்குவோர் தத்தம் வீட்டில். நடுவே இணையத்திலுள்ள ஒரு கணினி ஒவ்வொருவர் கேட்ட விலையையும் குறித்துக்கொண்டது. 137 ஆண்டுப் பழக்கம் ஒரு வாரத்தில் உருமாறியது. நோய்க்காலம் கழிந்த பிறகும் மின்னேலம் தொடர்ந்தது என்பதிலிருந்தே அதன் பயனை உய்த்துணரலாம்.

எல்லாமே கம்பி வழியே சென்றுவிட்டதென எண்ண வேண்டாம். தேநீரின் மணத்தையும் நிறத்தையும் எந்தக் கம்பியும் கொண்டு செல்லாது. மாதிரிப் பொட்டலங்கள் கைக்குக் கை வந்து, கொதிநீரில் ஊறி, நாவிலே பட்டுத்தான் மதிப்பிடப்பட வேண்டும். தொலைவழி என்பது மனிதனின் நாவுக்கும் அனுபவத்துக்கும் மாற்றன்று. அவன் எழுத்தையும் சொல்லையும் கொண்டு செல்லும் வாகனமே.

மண்டபமும் உள்ளறையும்

இங்கே ஒரு வேறுபாட்டை வாசகர்கள் மனதிற்கொள்ள வேண்டும். ஏலக் கணினி, பலர் வந்து கூடுவதற்கென்றே கட்டப்பட்ட பொது மண்டபம் போன்றது. ஆனால் ஒவ்வொரு கம்பனிக்கும் தனக்கெனச் சில உள்ளறைகள் உண்டு. எந்தத் தோட்டத்தில் எத்தனை கிலோ கொழுந்து வந்தது, யாருக்கு எத்தனை பேர் விழுந்தது, ஒவ்வொரு தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதி இலக்கம் என்ன, அடையாள அட்டை இலக்கம் என்ன என்னும் விபரங்களெல்லாம் அங்கேதான் இருக்கும். முன்னாளில் இவை பெரிய கிளாக்கரின் மேசையில் தடித்த செக்ரோல் புத்தகமாகக் கிடந்தன. கணினி வந்துவிட்ட கம்பனிகளில், சர்வர் என வழங்கும் தலைமைக் கணினியிலே அவை தங்கியிருக்கின்றன.

ஊரடங்கு நாட்களில் கணக்கு எழுதுவோரும் சம்பளம் போடுவோரும் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. அவர்கள் அந்த உள்ளறைக்குள் எவ்வாறு நுழைவது? கந்தோருக்கு வெளியே இருந்துகொண்டே கந்தோரின் கணினிகளை அணுகுவதற்கு வழி செய்தல் என்பது இதுவே. டிக்கோயாவிலோ தலவாக்கலையிலோ இருக்கும் தோட்டக் கந்தோர், கொழும்பிலுள்ள தலைமைக் காரியாலயத்தின் சர்வரோடு பேசுவதும் இதே வகையைச் சேர்ந்ததாகும்.

இந்த ஆசை புதிதன்று. இணையத்தின் பிறப்பே இதிலிருந்துதான். 1969 அக்டோபர் 29ஆம் திகதி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்த ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக் கணினிக்குள் நுழைய ஒரு மாணவர் முயன்றார். 'லாகின்' என்னும் சொல்லை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாக அனுப்பத் தொடங்கினார். முதல் இரண்டு எழுத்துக்கள் சென்றதும் அக்கரைக் கணினி செயலிழந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின்பே முயற்சி வெற்றி பெற்றது. உலகை இன்று பிணைத்திருக்கும் வலையின் முதற்செய்தி, தூரத்துக் கதவொன்றைத் தட்டிய ஓசையே எனலாம்.

திறந்து போட்ட வாசல்

கதவைத் திறப்பது கடினமன்று. கந்தோர்க் கணினியின் திரையை வீட்டிலே காணும் வசதி பல கணினிகளில் முன்னரே அமைந்திருக்கிறது. ஓர் ஆணையை மாற்றி, இணையத்துக்கு நேராக வாசலைத் திறந்து விட்டால் சில நிமிடங்களிற் காரியம் ஆகிவிடும். அவசர காலத்தில் பல ஸ்தாபனங்கள் செய்த பிழை இதுவே.

ஏன் பிழை? இணையத்தில் இரவு பகலாக ஓயாமல் சுற்றித் திரியும் யந்திர நிரல்கள் உண்டு. ஒவ்வொரு முகவரியாகச் சென்று எந்த வாசல் திறந்திருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதே அவற்றின் தொழில். கொழும்பு எது, கொட்டகலை எது என்ற பேதம் அவற்றுக்குக் கிடையாது. 'நம்முடைய சிறிய கந்தோரை யார் தேடி வரப் போகிறார்கள்?' என்று எண்ணுவது பேதைமை. தேடி வருவது மனிதனன்று, யந்திரம். அதற்குச் சோம்பலும் இல்லை, தூக்கமும் இல்லை. வாசலைக் கண்டதும் ஆயிரக்கணக்கான கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. பழைய முறையில் அனுப்பப்பட்ட கடவுச்சொல், திறந்த தபாலட்டைபோல வழியெங்கும் வாசிக்கத் தக்கதாய்ச் சென்றது. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இவ்வாறு கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டாட்டு யுலோனென் என்பவர் அதனால் தூண்டப்பட்டு, செய்தி முழுவதையும் மறைமொழியாக்கி அனுப்பும் ஒரு முறையை வகுத்தார். எஸ்.எஸ்.எச். எனப்படும் அம்முறையே இன்றும் உலகெங்கும் சர்வர்களைத் தொலைவிலிருந்து பராமரிப்போரின் கைக்கருவியாக இருக்கிறது.

சிங்கமலைச் சுரங்கம் போல

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம் இருப்பதை நம் பிள்ளைகள் நன்கறிவர். 500 மீற்றருக்கும் அதிகமான நீளமுடையது. மலையின்மேல் நடப்பவனுக்கு உள்ளே புகையிரதம் ஓடுவது கேட்கலாம். ஆனால் அதில் இருப்போர் யார், கொண்டு போவது என்ன என்று அவனாற் காண இயலாது. ஒரு வாயில் வழியே புகுந்தது மறு வாயில் வழியேதான் வெளிவரும்.

வீ.பி.என். எனப்படும் மறைவழியும் இத்தகையதே. தோட்டக் கந்தோரின் கணினிக்கும் தலைமைக் காரியாலயத்தின் வாயிற் கணினிக்கும் இடையே, பொது இணையத்தின் ஊடாகவே, மறைமொழியாலான ஒரு சுரங்கம் அமைக்கப்படுகிறது. இடையில் எவர் ஒட்டுக்கேட்டாலும் பொருளற்ற எழுத்துக் குவியலையன்றி வேறெதையும் காணார். சர்வர்கள் எல்லாம் உள்ளேயே மறைந்திருக்கும். வெளியுலகுக்குத் தெரிவது வாயில் ஒன்றுதான். பல வாசல்களைக் காப்பதிலும் ஒரு வாசலைக் காப்பது எளிதன்றோ?

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டும் என்பதும் இல்லை. வயர்கார்ட் என்னும் மறைவழி நிரல் இலவசமாகக் கிடைப்பது; 2020 மார்ச் மாத இறுதியில் வெளியான லினக்ஸ் கணினி அமைப்பின் மையப் பகுதியிலேயே அது சேர்க்கப்பட்டது. கொழும்பின் முதல் மின்னேலம் நடந்தது அதற்கடுத்த வாரத்தில் என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

இங்கே ஒவ்வொரு கணினிக்கும் இரட்டைச் சாவிகள் உண்டு. ஒன்றைப் பிறருக்குக் கொடுக்கலாம். அது பூட்டுக்கு நிகரானது. மற்றொன்று அந்தரங்கச் சாவி. அது தன் கணினியை விட்டு ஒருபோதும் வெளியே செல்லலாகாது. ஒரு பூட்டை ஆயிரம் பேருக்குக் கொடுத்தாலும் அதைத் திறக்கும் சாவி ஒருவனிடமே இருக்கும் என்பதே இதன் தத்துவம்.

இரண்டு திறப்புக்கள்

சுரங்கம் பத்திரமாயிருந்தாலும், நுழைகிறவன் உரியவன்தானா என்பதை யார் சொல்வது? கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு திறப்புக்களையும் இருவரிடம் ஒப்படைத்து வைக்கும் வழக்கம் நம்மவருக்குப் பழக்கமானதே. கணினியிலும் அப்படியே. மனதில் உள்ள கடவுச்சொல் ஒன்று. கையில் உள்ள பொருள் மற்றொன்று. ஒன்றைத் திருடியவன் மற்றையதைத் திருடாதவரை உள்ளே வர முடியாது.

அந்த இரண்டாவது திறப்பைக் கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியாக அனுப்புவது பலருக்கும் தெரிந்த முறை. மலைநாட்டிலோ அதில் ஓர் இடையூறு உண்டு. பள்ளத்தாக்கில் அமைந்த எத்தனையோ கந்தோர்களில் தொலைபேசிச் சமிக்ஞை வருவதும் போவதுமாக இருக்கும். குறுஞ்செய்தி வந்து சேர்வதற்குள் அதன் ஆயுளே முடிந்துவிடும். இதற்கும் பரிகாரம் உண்டு. தொலைபேசியிலேயே 30 விநாடிக்கு ஒருமுறை 6 இலக்கங்களை மாற்றி மாற்றிக் காட்டும் சிறு நிரல்கள் இருக்கின்றன. முன்கூட்டிப் பகிர்ந்துகொண்ட ஓர் இரகசியத்தையும் கடிகார நேரத்தையும் கொண்டு அவை கணக்கிடுவதால், அவற்றுக்குச் சமிக்ஞையே தேவையில்லை. தொலைபேசியின் கடிகாரம் சரியாக ஓடினாற் போதும்.

இந்த இரண்டாவது திறப்பு இல்லாமையால் விளைந்த கேட்டுக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் என்னும் எரிபொருட் குழாய்க் கம்பனியின் கணினிகளைக் கொள்ளையர் முடக்கினர். அந்நாட்டின் கிழக்குக் கரைக்கு வேண்டிய எரிபொருளிற் பாதிக்குச் சற்றுக் குறைவானது அக்குழாயினூடே செல்வதாகும். பல நாட்கள் குழாய் மூடப்பட்டது. எரிபொருள் நிலையங்களில் மக்கள் வரிசையில் நின்றனர். ஏறக்குறைய 44 இலட்சம் டாலர் கப்பமாகக் கொடுக்கப்பட்டது. கொள்ளையர் புகுந்த வழி எது? எவரும் உபயோகிக்காமல் மறந்துபோன ஒரு பழைய வீ.பி.என். கணக்கு. அதன் கடவுச்சொல் ஏற்கெனவே வெளியே கசிந்திருந்தது. இரண்டாவது திறப்பு அதற்குப் போடப்படவேயில்லை.

வேலையை விட்டுச் சென்றவரின் திறப்பை அன்றே வாங்கி வைக்க வேண்டும் என்பதைத் தோட்டத்துக் கண்டக்டர்மார் நன்கு அறிவர். ஸ்டோர்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் மாற்றலாகிப் போக எவரும் அனுமதிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் திறப்பில் காட்டும் அந்தக் கண்டிப்பை, கண்ணுக்குத் தெரியாத திறப்பில் நாம் காட்ட மறந்துவிடுகிறோம்.

யாருக்கு எந்த அறை?

தொலைவழி அமைக்கப் புகுவோர், யந்திரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொள்வது நலம். இடப்பக்கத்தில் ஊழியர் பெயர். வலப்பக்கத்தில் அவருக்கு வேண்டிய அறை. டீமேக்கருக்கு வேண்டியது ஸ்டோர்க் கணக்கும் தேயிலை அனுப்பிய விபரமும். சம்பளப் பட்டியல் அவருக்கு எதற்கு? கொழுந்து நிறையைப் பதிவோருக்கு அன்றைய நிறையைப் பதியும் உரிமை போதும். சென்ற மாதக் கணக்கைத் திருத்தும் உரிமை வேண்டியதில்லை. ஒருவரிடத்தில் நம்பிக்கையில்லை என்பது இதன் பொருளன்று. அவருடைய திறப்புக் களவு போனாலும், கள்வனுக்கு ஓர் அறைக்கு மேல் கிட்டாது என்பதே பொருள்.

யார், எப்போது, எங்கிருந்து வந்தார் என்பதைச் சர்வர் தானாகவே ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும். அதை வாரம் ஒருமுறையேனும் படிக்க ஒருவர் வேண்டும். படிக்காத பதிவேடு எழுதாத பதிவேட்டுக்குச் சமம்.

பிரதி எடுத்து வைப்பது மற்றொரு கடமை. 2023 ஆகஸ்ட் மாதத்தில் நம் நாட்டு அரசாங்கத்தின் மின்னஞ்சற் சர்வர்களைக் கப்பம் கேட்கும் கொள்ளையர் தாக்கினர். ஏறக்குறைய 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குத் தனித்து வைக்கப்பட்ட பிரதி இல்லாமற் போனமையால் அவை மீளவில்லை. இயங்கிக்கொண்டிருந்த நிரலும் பழமையானதே. இதிலிருந்து இரண்டு பாடங்கள் கற்கலாம். நிரல்களை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்பது ஒன்று. பிரதிகளுள் ஒன்றேனும் வலையோடு தொடர்பில்லாத இடத்தில் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இது கம்பனியின் இலாப நட்டம் பற்றிய பேச்சு மட்டுமன்று. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. முப்பது ஆண்டு கொழுந்து பறித்த ஒரு தாய், ஓய்வு பெறும் நாளில் நம்பியிருப்பது அந்த நிதியையும் தன் பெயருக்கு நேரே எழுதப்பட்ட கணக்கையுமே. செக்ரோல் புத்தகத்தைக் கறையான் அரித்தாலும் அவளுக்கே நட்டம்; சர்வரைக் கொள்ளையன் பூட்டினாலும் அவளுக்கே நட்டம். அவள் அந்தக் கணினியைக் கண்ணால் கண்டதுமில்லை. ஆகவே அதைக் காப்பவரிடம் அவளுடைய சொத்து இருக்கிறது என்பதை மறக்கலாகாது. தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென 2022இல் இயற்றப்பட்ட 9ஆம் இலக்கச் சட்டமும் இந்தப் பொறுப்பையே வலியுறுத்துகிறது.

மழையும் மின்னலும்

மலைநாட்டில் மின்சாரமும் இணைப்பும் மழைக்காலத்தில் அடிக்கடி அறுந்துபோவதுண்டு. ஆகையால் மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் தாங்கும் மின்கலம், ஒரு கம்பனியின் இணைப்பு அறுந்தால் மற்றொன்றின் வழியே செல்லும் ஏற்பாடு, இணைப்பே இல்லாதபோது கந்தோரில் எழுதி வைத்துப் பின்னர் அனுப்பும் முறை ஆகிய மூன்றும் தேவை. இவற்றை ஒரு சாதாரண நாளிலேயே சோதித்துப் பார்த்துவிட வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடு என்றனர் நம் முன்னோர். சம்பளத்துக்கு முதல் நாள் இரவு, தொலைவழி வேலை செய்கிறதா என்று சோதிப்பவன் அணை போடுகிறவனல்லன், வெள்ளத்தில் நிற்கிறவன்.

மாணவர்களுக்கு ஒரு சொல்

மலையகத்து இளைஞர் பலர் வேலை தேடிக் கொழும்புக் கடைகளுக்குச் செல்வதை ஆண்டாண்டாகக் காண்கிறோம். தொலைவழி அமைத்துக் காக்கும் தொழிலோ, அதன் இயல்பினாலேயே, ஓரிடத்தில் இருந்துகொண்டு வேறோரிடத்தைப் பராமரிக்கும் தொழில். அதற்குக் கொழும்பில் அறை எடுத்துத் தங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நல்ல இணைப்பு வாய்த்தால், ஹட்டனில் இருந்துகொண்டே தொலைதூரத்துச் சர்வர் ஒன்றைக் கவனிக்கலாம்.

இதைக் கற்கத் தொடங்குவதற்குப் பழைய கணினிகள் இரண்டு போதும். லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்றைச் சர்வராக்குங்கள், மற்றதிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியே அதனுள் நுழையுங்கள். பின்பு இரட்டைச் சாவியை உண்டாக்கி, கடவுச்சொல் நுழைவை அடியோடு நிறுத்துங்கள். பதிவேட்டைத் திறந்து உங்கள் வருகை அங்கே எழுதப்பட்டிருப்பதைப் பாருங்கள். அந்த ஒரு மாலைப் பொழுதில் நீங்கள் கற்பது பல புத்தகங்களுக்கு ஈடாகும். ஆனால் பிறர் கதவைத் தட்டிப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகும்.

ஒரு காலத்தில் தோட்டத்துத் தப்பால்காரர், தோளிலே பை தொங்க, மழையிலும் பனியிலும் மலைப்பாதையில் நடந்து கடிதங்களைக் கொண்டுவந்து சேர்த்தார். பையின் பூட்டைத் திறக்கும் உரிமை அவருக்கும் இல்லை. கந்தோரில் உரியவருக்கே இருந்தது. இன்று கடிதம் கணப்பொழுதில் மலையேறி வருகிறது. பாதை மாறியிருக்கிறது, பூட்டின் அவசியம் மாறவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நாள் அப்படியொரு திறப்பைக் கையில் வாங்க நேரலாம். அன்று, அதன் மறுமுனையில் ஒரு மலை முழுவதும் பத்தாந் திகதிக்காகக் காத்திருக்கிறது என்பதை அப்பிள்ளை நினைவிற்கொள்ளட்டும்.